டேங்க் எந்தப் பக்கமுங்க?

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள். நான் ஓட்டுவது மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல் மூடி இடப்பக்கம். வீட்டுக்காரருடையது ஒரு ஜெர்மன் கம்பெனியின் கார், மூடி வலப்பக்கம். அவரவர் காரை அவரவர் ஓட்டும்வரை பிரச்சினை இல்லை. மாற்றி எடுத்துப் போகும் நாளில்தான் தகராறு. பெருந்துறை ரோட்டில் நாங்கள் வழக்கமாகப் போகிற பங்க்கில் வேலை செய்யும் பெண்ணுக்கு இது தெரிந்துபோய், என் தலையைப் பார்த்ததும் "ஏனுங்க்கா, இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?" என்று சிரிப்பாள்.

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், ரீசேல் கேட்பார்கள், பாலக்காட்டு வெயிலுக்கு ஏசி தாங்குமா என்றுகூடக் கேட்பார்கள். மூடி எந்தப் பக்கம் என்று ஷோரூமில் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. வாங்கிய பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தப் பக்கத்தோடுதான் குடித்தனம்.

நம் ரோட்டில் ஓடுகிற கார்களில் மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடப்பக்கம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பென்ஸ், பி.எம்.டபிள்யூ. என்றால் வலப்பக்கம். ஆகவே பங்க்கில் வரிசை கட்டி நிற்கும் கார்களில் இடப்பக்கத்துக்காரர்கள்தான் அதிகம்.

இதற்குச் சொல்லப்படும் காரணம் சுவாரசியமானது. ஜப்பானில் நம்மைப் போலவே இடப்பக்கமாகத்தான் வண்டி ஓட்டுகிறார்கள். வழியில் பெட்ரோல் தீர்ந்து கேனில் வாங்கி வந்து ஊற்ற வேண்டுமென்றால், ரோட்டோரமாக, நடைபாதைப் பக்கமாக நின்று ஊற்றுவது நல்லது. அந்தக் கணக்கில் மூடி இடப்பக்கம். ஜெர்மனியில் வலப்பக்கமாக ஓட்டுகிறார்கள், அதே கணக்கில் அங்கே வலப்பக்கம். கொரியாவிலும் வலப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் ஹூண்டாய்க்கு மூடி இடப்பக்கம், அதாவது அந்த ஊரில் டிரைவர் பக்கம். இவை கப்பலேறி இந்தியா வந்ததும் சிலருடைய கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஜப்பான்காரர் கணக்கு இங்கேயும் சரியாக ஒத்துப்போகிறது. கொரியாக்காரர் எதை நினைத்து வைத்தாரோ, நமக்கு அது ரோட்டோரப் பக்கமாக அமைந்துவிட்டது. ஜெர்மன்காரர் ஓரமாக நிற்கட்டும் என்று வைத்த மூடி, நம் ஊரில் நடுரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஸ்டீயரிங்கை இடமிருந்து வலத்துக்கு மாற்றுகிறவர்கள் இதையும் மாற்றக்கூடாதா என்று தோன்றும். ஸ்டீயரிங்கை மாற்றாமல் இங்கே விற்க முடியாது, மூடியை மாற்றாமல் விற்கலாம். அப்புறம் அது வெறும் மூடி இல்லை. டேங்க் இருப்பது பின் சீட்டுக்கு அடியில், பின் அச்சுக்கு முன்னால். அங்கிருந்து ஒரு குழாய் பின் சக்கரத்தின் வளைவைச் சுற்றி, சரிவு கெடாமல் மேலே ஏறி வர வேண்டும். கூடவே காற்று வெளியேற இன்னொரு சின்னக் குழாய். சூடாக இருக்கும் சைலன்சர் பைப் இதிலிருந்து முடிந்தவரை தள்ளிப் போக வேண்டும். மூடியைப் பக்கம் மாற்றினால் இத்தனையும் பக்கம் மாற வேண்டும், இரண்டு பக்கத் தகட்டுக்கும் புது அச்சு வேண்டும். புனே பக்கம் சக்கனில் உள்ள தொழிற்சாலையில் வருடக்கணக்காகத் தயாரான ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கும் மூடி ஜெர்மனியில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமேதான் இருந்தது.

என் கட்சி இடப்பக்கம். சொந்தக் கார் என்பதால் அல்ல. காங்கேயம் தாண்டி தாராபுரம் ரோட்டில் நின்ற ஒரு மத்தியானத்தால்.

ஆடி மாதம். வீட்டுக்காரர் காரில் ஒரு காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். காங்கேயத்திலேயே விளக்கு எரிந்துவிட்டது. "ரிசர்வ்ல இன்னும் எவ்வளவோ ஓடும், தாராபுரத்துல போட்டுக்கலாம்" என்றார். ரிசர்வ் விஷயத்தில் அவர் ஒரு நாத்திகர், விளக்கு சொல்வதை நம்ப மாட்டார். ஊதியூர் மலை கண்ணில் தெரிகிற இடத்தில் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. இடப்பக்க ஓரத்தில் ஒதுக்கினோம். ஓரம் என்றால் என்ன, தாரை விட்டு ஒரு சாண் இறங்கினால் செம்மண், அதற்கடுத்து கிளுவை வேலி.

டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்த ஒரு பெரியவர் அவரை ஏற்றிக்கொண்டு பங்க்குக்குப் போனார். பாட்டிலில் தர மாட்டோம் என்று அங்கே போர்டு. அந்தப் பெரியவரே பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கேன் கேட்டு வாங்கி, கூட நின்று சொன்ன பிறகுதான் போட்டார்களாம். கேன் வந்துவிட்டது, ஊற்ற வேண்டும். தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்துக் கவிழ்த்தால் புனல். மூடி வலப்பக்கம். ஆக, அவர் தார் ரோட்டின் மேல், வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறார். நான் புனலைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில்.

அந்த ரோட்டில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்றுதான் அங்கே இத்தனை காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. கேனைச் சாய்த்தால் பெட்ரோல் நேராக விழவில்லை, நூலாகப் பிரிந்து பறந்தது. என் புடவைத் தலைப்பு, அவர் சட்டை, காரின் பக்கவாடு எல்லாம் பெட்ரோல். தேங்காய் லோடு ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனது. பின்னாலேயே கறிக்கோழி வேன். அப்புறம் வந்தது காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர். அது தூரத்தில் தெரியும்போதே பெரியவர், "கண்ணு, அத அப்படியே வெச்சுட்டு இந்தப் பக்கம் வந்திருங்க ரண்டு பேரும். அது போகட்டும்" என்றார். கேனைத் தரையில் வைத்துவிட்டு வேலியோரம் போய் நின்றோம். இறக்கை கடந்து முடிகிறவரை நின்றோம். மூடி இடப்பக்கம் இருந்திருந்தால் காரே எங்களுக்கு மதிலாக நின்றிருக்கும்.

வீட்டில் இதைச் சொன்னபோது மாமனார் கேட்டார்: "ரிசர்வுல ஓட்டாத மனுசனுக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன அம்மிணி?" நியாயம்தான். ஆனால் அவர் மகனை நான் திருத்துவதற்குள் காரைத் திருத்துவது சுலபம் என்று நினைக்கிறேன்.

எதிர்க்கட்சிக்கும் பலமான வாதம் இருக்கிறது, அது பங்க்குக்குள் இருக்கிறது. வெளிநாடுகளில் பெரும்பாலும் ஓட்டுகிறவரே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்கிறார். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் மட்டும் இன்னும் ஆள்தான் போட வேண்டும், 1949இல் போட்ட சட்டம். நமக்கும் ஆள் போட்டுவிடுகிறார். அதனால் கை எட்டுகிறதா என்பது நம் கவலை இல்லை, கண் எட்டுகிறதா என்பதுதான். "ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்லும்போது பார்த்தாக வேண்டும். மூடி வலப்பக்கம் இருந்தால் பம்ப் நம் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜீரோ தெரியும், நாசில் தெரியும், கையை நீட்டினால் க்யூ.ஆர். அட்டை. என் காரில் கழுத்தை முழுக்கத் திருப்பி, இடது பின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தொகையின் பாதி எண்கள் தெரியும். சரி, இறங்கிவிடலாம் என்று கதவைத் திறந்தால், அந்த இடுக்கில் ஒரு ஸ்ப்ளெண்டர் நுழைந்து வந்துகொண்டிருக்கும். வலப்பக்க மூடிக்காரருக்கோ கதவு பம்ப் மேடைப் பக்கம் திறக்கும். அங்கே யார் வரப்போகிறார்கள்?

வரிசையிலும் அவர்களுக்குத்தான் யோகம் என்பார்கள். எல்லாக் காரும் பம்ப்பின் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் காலியாக இருக்கும், நேராகப் போய்ப் போட்டுக்கொண்டு வரலாம் என்று. வெளிநாட்டில் இது உண்மையாக இருக்கலாம். கார்கள் பாதிப் பாதியாகப் பிரிந்து இருந்தால்தான் பங்க்கின் இரண்டு பக்கமும் வேலை செய்யும், எல்லோரும் ஒரே பக்கம் என்றால் பாதி பம்ப் தூங்கும் என்று அங்கே கணக்குப் போடுவார்கள். நம் பங்க்கில் எந்தப் பம்ப்பும் தூங்குவதில்லை. கார்கள் விட்ட பக்கத்தை டூவீலர் பிடித்துக்கொள்கிறது. பெருந்துறை சிப்காட்டில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் வந்து பாருங்கள். காருக்கு ஒரு வரி, மறுபக்கம் எக்ஸெல், ஸ்கூட்டி, பைக் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக. அந்தக் கூட்டத்துக்குள் வலப்பக்க மூடிக் கார் ஒன்று மூக்கை நுழைத்தால், எல்லோரும் அதை ஒரு பார்வை பார்ப்பார்கள். வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தப் பார்வையை வாங்கப் பயந்து அவர் சில நாள் கார் வரிசையிலேயே போய், "குழாய் எட்டுங்களா?" என்று கேட்பதும் உண்டு.

எட்டும். எல்லாப் பங்க்கிலும் "எட்டுமுங்க, உடுங்க" என்றுதான் சொல்வார்கள். குழாயை இழுத்து டிக்கியைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து நாசிலைச் சொருகுவார்கள். இதில் இரண்டு சங்கடம். ஒன்று, குழாய் உராய்ந்த இடத்தில் பெயிண்ட்டில் ஒரு கறுப்புக் கோடு. இன்னொன்று நாசில் விஷயம். நாசிலின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். பெட்ரோல் பாயும்போது அந்தத் துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் அந்தத் துளையை மூடியதும் காற்று நின்றுவிடும், கைப்பிடிக்குள் இருக்கும் பிடி விடுபட்டு 'டக்' என்று தானாக நின்றுவிடும். மின்சாரம் எதுவும் வேண்டாத அழகான ஏற்பாடு. குழாய் விறைப்பாக இழுபட்டு நாசில் கோணலாக உட்கார்ந்தால், டேங்க் நிறையாமலே பெட்ரோல் தெறித்து அந்தத் துளையை மூடிவிடும். டக், டக் என்று நின்று நின்று போகும். அந்தப் பெண் பொறுமையிழந்து நாசிலைக் கையால் திருப்பித் திருப்பிப் பிடிப்பாள். பின்னால் இருக்கிற கார் ஹாரன் அடிக்கும்.

பக்கமே வேண்டாம், நடுவில் வைத்தால் என்ன? வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பின் நம்பர் பிளேட்டைக் கீழே மடித்தால் அதற்குப் பின்னால் மூடி இருக்கும். எந்தப் பக்கம் போய் நின்றாலும் எட்டும், பங்க்குக்கு இதைவிட வசதி கிடையாது. 1956 செவர்லேயில் பின் விளக்கையே திறந்தால் உள்ளே மூடி, அது அழகுக்காக. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் முதலில் நசுங்குவது அந்த இடம்தான். 1970களில் அங்கே பின்மோதல் சோதனையைக் கட்டாயமாக்கிய பிறகு டேங்கையும் குழாயையும் பின்புறத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டியதாயிற்று, நம்பர் பிளேட் மூடியும் மெல்லப் போய்விட்டது. பழைய ஜாகுவார் எக்ஸ்.ஜே. கார்களில் இரண்டு பக்கமும் மூடி உண்டு. ஆகா என்று நினைக்க வேண்டாம், பக்கத்துக்கு ஒரு டேங்க், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். ஃபுல் டேங்க் என்றால் இரண்டு பக்கமும் குழாய் வந்தாக வேண்டும்.

நம் ஊரில் இந்தச் சண்டைக்கே வராத கார் ஒன்று இருந்தது. 2009இல் வந்த டாடா நானோ. இன்ஜின் பின்னால், பெட்ரோல் மூடி முன்னால் பானெட்டுக்கு அடியில். கோபியில் எங்கள் சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். பங்க்குக்குள் அவர் நுழைந்து, இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினால், புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் வண்டி சூடாகிவிட்டது என்று தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்களாம். டேங்க் 15 லிட்டர்தான், அதனால் அந்தக் காட்சி அடிக்கடி நடக்கும். சித்தப்பாவுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

எந்தப் பக்கம் என்று மறந்துபோகிறவர்களுக்கு மீட்டரில் பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அது காட்டுகிற பக்கம்தான் மூடி. இதைக் கொண்டுவந்தவர் ஜிம் மொய்லன் என்கிற ஃபோர்டு இன்ஜினியர். 1986இல் ஆபீஸ் காரை எடுத்துப் போய், கொட்டுகிற மழையில் தப்பான பக்கம் நிறுத்தி, நனைந்து திரும்பியவர், இடத்துக்கு வந்ததும் முதலில் இதைத்தான் எழுதி மேலே அனுப்பினார். 1989 மாடல்களில் அந்த அம்பு வந்துவிட்டது, பிறகு மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. வாட்ஸப்பில் சுற்றுவதுபோல, பம்ப் படத்தில் குழாய் எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கம் மூடி என்பதெல்லாம் கிடையாது. முக்கோணம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இறங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

மீட்டர் என்றதும் எங்கள் பெரியப்பா ஞாபகம். கோவை பெரியநாயக்கன்பாளையம் பிரிக்காலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வண்டி மீட்டர்கள் செய்கிற கம்பெனி அது. டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் கட்டிய மிதவை ஏறி இறங்குகிறது, டேங்க் சாய்ந்தால் அதுவும் ஏமாறும் என்பார். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது முள் ஏறி இறங்குவதைப் பார்த்து யாராவது பதறினால், "சமதளத்துல நிறுத்திப் பாருங்க, அப்புறம் பயப்படுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்.

ஆக, பங்க்கில் வலப்பக்கம் வசதி, ரோட்டில் இடப்பக்கம் பத்திரம். பங்க்குக்கு மாதம் நாலு முறை போகிறோம், கேனோடு ரோட்டில் நிற்பது வாழ்நாளில் ஒரு முறையோ என்னவோ. எண்ணிக்கையைப் பார்த்தால் வலப்பக்கம்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் பங்க்கில் எனக்குப் போவது கொஞ்சம் நேரமும் கழுத்துச் சுளுக்கும்தான், அந்த டிரெய்லர் முன்னால் போக இருந்ததோ உயிர். சந்தேகமிருந்தால் அஞ்சு லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், பங்க்கில் வைத்திருப்பார்கள். இறங்கி நின்று ஜீரோவைப் பார்க்கலாம். ரோட்டில் அப்படி எதையும் கேட்டு வாங்க முடியாது. நுழைகிற இடத்திலேயே 'மூடி இடம் இந்த வரிசை, மூடி வலம் அந்த வரிசை' என்று தரையில் பெயிண்ட்டில் எழுதினால் பங்க் சண்டையில் பாதி தீரும். எழுதச் சொல்லி எங்கள் பங்க் மேனேஜரிடம் கேட்டேன். "டூவீலர்காரங்க அது மேலயே நிப்பாங்களேங்க" என்றார். அதுவும் சரி.

இந்த விவாதமெல்லாம் இன்னும் கொஞ்ச நாளுக்குத்தான் என்று என் தம்பி சொல்கிறான். அவன் எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறான். அங்கேயும் தகராறு தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. டாடா நெக்ஸான் எலக்ட்ரிக்கில் சார்ஜ் போடும் வாய் பழைய பெட்ரோல் மூடி இருந்த அதே பின்பக்கத்தில். பஞ்ச் எலக்ட்ரிக்கில் முன்னால். எம்.ஜி. இசட்.எஸ். எலக்ட்ரிக்கில் முகப்பில். பெட்ரோல் என்றால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், இது ராத்திரி முழுக்கச் சொருகிக்கிடக்க வேண்டும். வீட்டுப் போர்டிகோவில் காரை நேராக விடுகிறோமா, ரிவர்ஸில் விடுகிறோமா, 15 ஆம்பியர் பிளக் எந்தச் சுவரில் என்பதெல்லாம் சேர்ந்துகொள்கிறது.

தம்பி பிளக்கை வாசல் பக்கச் சுவரில் போட்டிருந்தான், பழைய காரை மனதில் வைத்து. வாங்கியது முன்னால் வாய் இருக்கிற கார். மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் ஒயர் எட்டவில்லை. ரிவர்ஸில் விட்டால் எட்டுகிறது, ஆனால் தினமும் மேட்டூர் ரோட்டின் நெரிசலில் நின்று, பின்னால் வருகிறவர்கள் திட்டத் திட்ட ரிவர்ஸ் எடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடக் கூடாது என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார், டேப் வைத்து அளந்தார். "ஒயர் வாங்கி வெச்சிருங்க, ஞாயித்துக்கிழமை வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது போன மாதம்.